பழைய கேஸ், பி ரிப்போர்ட், இங்கிலாந்து டீச்சர் வேலை: எந்தப் படிவத்தில் எதைச் சொல்வது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். இங்கிலாந்தில் உள்ள ஒரு ஆரம்பப் பள்ளி ஆன்லைனில் நேர்காணல் நடத்தி, பின்னணிச் சரிபார்ப்பு சரியாக முடிந்தால் வேலை என்ற நிபந்தனையோடு ஆஃபர் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவர் மனதை அரிப்பவை இரண்டு பழைய விவகாரங்கள். 2012-ல் குடியிருந்த வளாகத்தில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை, கைகலப்பு. அந்தப் பெண் புகார் கொடுக்க, இ.பி.கோ. 323 (காயம் ஏற்படுத்துதல்), 504 (வேண்டுமென்றே அவமதித்தல்) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர்., பிறகு சார்ஜ் ஷீட். இரண்டு வருட அலைச்சலுக்குப் பின், “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடும்மா, அன்னிக்கே முடிஞ்சிடும்” என்று வக்கீல் சொன்னதைக் கேட்டு, 2014 பிப்ரவரியில் மேயோ ஹால் கோர்ட்டில் 1,500 ரூபாய் கட்டிவிட்டு வந்துவிட்டார். அடுத்தது 2019. வகுப்பில் ஒரு பையனின் காதைத் திருகினார் என்று பெற்றோர் புகார். சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் (குழந்தையைக் கொடுமைப்படுத்துதல்) எஃப்.ஐ.ஆர். விசாரித்த போலீஸ், ஆதாரம் இல்லை என்று ‘பி ரிப்போர்ட்’ போட்டுவிட்டதாக ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்னார்கள். கையில் காகிதம் எதுவும் இல்லை. இதற்குப் பிறகு, 2021-22-ல் கணவரோடு 14 மாதம் துபாயில் இருந்திருக்கிறார்.

விசா வேலைகளைப் பார்க்கும் கன்சல்டன்ட் சொல்வது: “பி.சி.சி. (பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் க்ளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட்) க்ளீனா வந்துட்டா எல்லா கேள்விக்கும் ‘நோ’ போடுங்க. ஸ்டேஷன் ரெக்கார்டையே எடுக்கணும்னா 60,000 ஆகும்.” மைத்துனர் சொல்வது நேர் எதிர்: “குழந்தை சம்பந்தப்பட்ட கேஸ் இருக்கிறவங்க அங்கே ஸ்கூல் வேலைக்கு அப்ளை பண்ணினாலே ஜெயில்.” யார் சொல்வதைக் கேட்பது, ஆஃபரை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஆஃபரை விட வேண்டாம். இரண்டு பேர் சொல்வதும் தவறு. ஆனால் மைத்துனர் பேச்சைக் கேட்டால் ஒரு வேலை போகும், கன்சல்டன்ட் பேச்சைக் கேட்டால் பத்து வருடம் போகும். நீங்கள் 2014 ஃபைனை நினைத்துத் தூக்கம் இழந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்கு அதிகம் உறுத்தியது 2019 பி ரிப்போர்ட்தான். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஃபைன் கட்டியதும் தண்டனைதான்

“ஜெயிலுக்குப் போகவில்லை, ஃபைன் மட்டும்தான், அதனால் எனக்கு கிரிமினல் ரெக்கார்ட் கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி நினைப்பவர்கள் ஏராளம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, மாஜிஸ்திரேட் அபராதம் விதித்து, நீங்கள் கட்டினால் அது குற்றத்தீர்ப்பு. கர்நாடகப் போலீஸ் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் போடும் பெட்டி கேஸ் (சில்லறை வழக்கு), குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்குக் கோர்ட்டில் கட்டும் ஃபைன் எல்லாம் இதே வகைதான்.

உங்கள் வழக்கில் வருத்தப்பட ஒன்று உண்டு. 323, 504 இரண்டுமே சமரசம் செய்துகொள்ளத்தக்க பிரிவுகள். அந்தப் பெண்ணும் நீங்களும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320-ஆம் பிரிவில் ராஜி மனு போட்டிருந்தால், அதன் சட்ட விளைவு விடுதலை. அன்றைய அரைமணி நேர வேலையில் எது எளிது என்று பார்த்த வக்கீல், பத்து வருடம் கழித்து நீங்கள் விசா படிவம் நிரப்புவீர்கள் என்று யோசித்திருக்க மாட்டார். இதைப் படிக்கும் மற்றவர்கள், இப்படி ஒரு சின்ன வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு முன் ராஜிக்கு வழி இருக்கிறதா என்று வக்கீலைக் கேளுங்கள். இப்போது அது, பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 359-ஆம் பிரிவு.

உங்கள் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் பார்த்ததே இல்லை என்று தோன்றுகிறது. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது. உத்தரவு நகலில் ஒரு வரியைத் தேட வேண்டும். நம் ஊர் மாஜிஸ்திரேட்டுகள் சில சமயம் ஃபைனோடு சேர்த்து ‘கோர்ட் எழும்வரை சிறை’ என்றும் விதிப்பதுண்டு. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவருக்கு அது தண்டனை என்றே தெரியாது. ஆனால் எழுத்தில் அது சிறைத்தண்டனை. ‘கட்டத் தவறினால் 15 நாள் சிறை’ என்ற வரி வேறு. ஃபைனைக் கட்டிவிட்டீர்கள், அதனால் அதற்கு அர்த்தம் இல்லை. இந்த இரண்டில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து இங்கிலாந்தில் உங்கள் நிலை மாறும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பி.சி.சி. சொல்லாத விஷயம்

கன்சல்டன்ட் சொல்வதன் வேர் இங்கேதான். பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் பி.சி.சி.யின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். இந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர் குறிப்பிட்ட நாட்டுக்கு விசா பெறத் தகுதியற்றவர் ஆகும்படியான பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பதே அதன் சாரம். ‘இவருக்கு வாழ்நாளில் எந்தத் தண்டனையும் கிடையாது’ என்று அதில் எங்கும் இருக்காது. ஒரு பழைய ஃபைன் இருந்தும் பி.சி.சி. சுத்தமாக வரலாம். அப்படி வந்தால், 2014 நடக்கவில்லை என்று ஆகிவிடாது. படிவத்தில் கேள்வி உங்களைப் பார்த்துக் கேட்கப்படுகிறது, பி.சி.சி.யைப் பார்த்து அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. விசாரணைக்கு வரும் ஸ்டேஷன் பழைய குற்ற எண்களைக் கணினியில் பார்த்து ‘வழக்கு உள்ளது’ என்று எழுதி அனுப்பினால் பி.சி.சி. நின்றுபோகும். கோரமங்களா பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அப்போது வழக்கு முடிந்துவிட்டது என்பதைக் காட்ட உத்தரவின் சான்றிட்ட நகலும் ஃபைன் ரசீதும் வேண்டும். அது வந்தபிறகு கோர்ட்டுக்கு ஓடினால் வாரக்கணக்கில் நேரம் போகும். அதனால்தான் காகிதத்தை முதலில் எடுத்துவிட்டு பி.சி.சி.க்கு விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

பி.சி.சி. கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கட்டி நேரம் வாங்கலாம். 2022 செப்டம்பர் 28-லிருந்து தபால் அலுவலக பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். மாநிலப் போலீஸ் கொடுக்கும் சரிபார்ப்புச் சான்றிதழை வாங்கிவைத்துக்கொண்டு அதுதான் பி.சி.சி. என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளூர் வேலைக்கு உதவும். வெளிநாட்டு வேலை விசாவுக்கு பாஸ்போர்ட் அலுவலகம் கொடுப்பதே வேண்டும்.

ஒவ்வொரு படிவத்திலும் கேள்வி வேறு

உங்கள் குழப்பத்தில் முக்கால்வாசி, ‘சொல்ல வேண்டுமா, கூடாதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொள்வதால் வருகிறது. உங்கள் முன்னால் குறைந்தது மூன்று படிவங்கள். மூன்றும் மூன்று விதமாகக் கேட்கும். மூன்று விதமாக நீங்கள் பதில் சொன்னாலும் மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

பாஸ்போர்ட் படிவம் கேட்பது குறுகலானது: கடந்த ஐந்து வருடத்தில், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றீர்களா? 2014 ஃபைனை வைத்துப் பார்த்தால் பதில் ‘இல்லை’. அது மறைப்பதாகாது. அதே படிவம், எந்தக் கோர்ட்டிலாவது கிரிமினல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்கும். அந்த இடத்தில் 2019 வந்து நிற்கும். பாஸ்போர்ட் விஷயத்தில் தகவலை மறைப்பது பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்து விசா படிவம் கேட்பது மிக அகலமானது. எந்த நாட்டிலாவது, எப்போதாவது குற்றத்தீர்ப்பு உண்டா, போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டனை உண்டா, வழக்கு விசாரணையை எதிர்நோக்கி இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்கும். இங்கே பழையது, சின்னது, ஃபைன்தான் என்ற சலுகை எதுவும் இல்லை. அந்த நாட்டில் காலப்போக்கில் தண்டனைகள் ‘ஸ்பென்ட்’, அதாவது காலாவதி ஆகிவிடும் என்று 1974-லேயே சட்டம் செய்தார்கள். ஃபைன் என்றால் 12 மாதத்தில் காலாவதி. இணையத்தில் இதைப் படித்துவிட்டுத்தான் ‘பத்து வருடம் ஆயிற்றே’ என்று எழுதியிருக்கிறீர்கள் போல. அந்தச் சட்டம் குடியேற்ற முடிவுகளுக்குப் பொருந்தாது என்று 2012 அக்டோபர் 1 முதல் மாற்றிவிட்டார்கள். ஆக, விசா படிவத்தில் பதில் ‘ஆம்’.

‘ஆம்’ என்றால் விசா போய்விடுமா? 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு விசா மறுப்பது அங்கே கட்டாயம். பத்து வருடத்துக்கு முந்தைய ஒற்றை ஃபைன் அந்த வகையில் வராது. அதை அதிகாரி எடைபோட்டுப் பார்ப்பார். மறைத்துப் பிடிபட்டால் கதையே வேறு. ஏமாற்ற முயன்றார் என்ற காரணத்தில் விசா மறுப்பு, கூடவே பத்து வருடத் தடை. மறைத்த விஷயம் எவ்வளவு அற்பமானது என்பது அங்கே உதவாது. படிவத்தை நிரப்பியது கன்சல்டன்ட் என்ற சாக்கும் எடுபடாது. 1,500 ரூபாய் ஃபைனுக்கு எந்த மாஜிஸ்திரேட்டும் பத்து வருடம் போட மாட்டார். ஒரு தவறான டிக் போட்டுவிடும்.

மூன்றாவது, பள்ளி கொடுக்கும் சுயவிவர அறிவிப்பு. இதுதான் நுணுக்கமான இடம். குழந்தைகளோடு வேலை என்பதால் காலாவதியான தண்டனையையும் பள்ளி கேட்கலாம். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் இன்னொரு வடிகட்டி இருக்கிறது. வயதுவந்தவராக இருந்தபோது பெற்ற தண்டனை 11 வருடம் கடந்து, சிறை இல்லாமல், கடுமையான குற்றங்களின் பட்டியலிலும் இல்லாமல் இருந்தால் அது ‘பாதுகாக்கப்பட்ட’ தண்டனை. அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேல் தண்டனை இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்ற பழைய விதியை 2020 நவம்பர் 28-ல் நீக்கிவிட்டார்கள். அதனால் உங்களுக்கு இரண்டு பிரிவுகளில் தண்டனை என்பது தடையாகாது. வெளிநாட்டுக் கோர்ட் கொடுத்த தண்டனையும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

2014 பிப்ரவரியிலிருந்து 11 வருடம் 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இனி இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ‘கோர்ட் எழும்வரை சிறை’ வரி இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, நம் 323 அவர்கள் சட்டத்தில் எதற்கு இணை என்பது. வெறும் தள்ளுமுள்ளு, அறை என்றால் அவர்களுடைய சாதாரணத் தாக்குதலுக்குச் சமம். அது பட்டியலில் இல்லை. உடலில் காயம் ஏற்படுத்திய தாக்குதல் என்று கொண்டால் அது பட்டியலில் இருக்கிறது, எத்தனை வருடமானாலும் வடிகட்டப்படாது. ஆகவே சார்ஜ் ஷீட்டில் இருக்கும் வூண்ட் சர்ட்டிஃபிகேட்டில் (காயச் சான்றிதழ்) டாக்டர் என்ன எழுதினார் என்பது பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்தும் முக்கியம். அதையும் நகல் எடுங்கள். இந்த ஒப்பீட்டை அந்த நாட்டு சொலிசிட்டர் (வக்கீல்) ஒருவரிடம் எழுத்தில் வாங்குவது நல்லது. ‘அன்லாக்’ என்ற அறக்கட்டளை, பழைய தண்டனை உள்ளவர்களுக்கு இதே விஷயத்தில் ஆலோசனை தருகிறது.

இன்னும் ஒன்று. மேலே சொன்னது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்தில் முறை வேறு, பி.வி.ஜி. என்ற தனித்திட்டம். நாளை வேலை மாறினால் இதே பதிலை அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

டி.பி.எஸ். சோதனைக்கு எட்டாத தூரம்

பள்ளி உங்களுக்கு டி.பி.எஸ். என்ற உயர்நிலைக் குற்றப் பதிவுச் சோதனை எடுக்கும். அதை நீங்களாக விண்ணப்பித்து வாங்க முடியாது, வேலை தருபவர்தான் எடுக்க வேண்டும். ‘வாங்கித் தருகிறேன்’ என்று கன்சல்டன்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சோதனைக்கு நம் ஊர் போலீஸ் கோப்புகள் எட்டாது. அதனால் “அல்சூர் ஸ்டேஷன் ரெக்கார்ட் அவங்களுக்கு எப்படித் தெரியும்” என்கிறார் உங்கள் கன்சல்டன்ட். எட்டாது என்பதால்தான் அவர்கள் பி.சி.சி., முந்தைய பள்ளிகளின் பரிந்துரைக் கடிதம், உங்கள் சொந்த அறிவிப்பு மூன்றையும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். நேர்காணலுக்குத் தேர்வானவர்களின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கும்படியும் அங்குள்ள பள்ளிகளுக்கு அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. நம் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தே வழக்கைத் தேடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மைத்துனர் சொல்லும் ஜெயில் யாருக்கு என்றால், குழந்தைகளோடு வேலை செய்யக்கூடாது என்று அந்த நாட்டுத் தடைப்பட்டியலில் பெயர் ஏற்றப்பட்டவருக்கு. தடை இருக்கிறது என்று தெரிந்தே விண்ணப்பித்தால் குற்றம். நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. புகார் வந்தது என்பதற்காக யாரையும் அதில் தானாகச் சேர்ப்பதும் இல்லை.

2019-ஐ முதலில் முடியுங்கள்

இப்போது எனக்கு உறுத்திய விஷயம். “போலீஸ் பி ரிப்போர்ட் போட்டாச்சு, கேஸ் க்ளோஸ்” என்று எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் பி ரிப்போர்ட் போடுவதோடு வழக்கு முடிவதில்லை. அது கோர்ட்டுக்குப் போக வேண்டும். புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போகும். அவர் ஆட்சேப மனு போடலாம். அதன்பிறகு மாஜிஸ்திரேட் ‘பி ரிப்போர்ட் ஏற்கப்பட்டது’ என்று உத்தரவு போட்டால்தான் முடிந்தது. நோட்டீஸ் போய்ச் சேராமல், பெற்றோர் வீடு மாறி, ஃபைல் வருடக்கணக்கில் தூங்குவது உண்டு. அதைவிட மோசம், ஆட்சேபத்தை ஏற்று மாஜிஸ்திரேட் வழக்கை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு சம்மன் வந்து, நீங்கள் துபாயில் இருந்ததால் கைக்குக் கிடைக்காமல் போயிருப்பது. அப்படி இருந்தால் வாரன்ட் வரை போயிருக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட உத்தரவுதான் இருக்கும். ஆனால் தெரியாமல் எந்தப் படிவத்திலும் கை வைக்காதீர்கள்.

எது இருந்தால் என்ன என்று சுருக்கமாக:

உத்தரவு இருக்கிறது என்றால், சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா படிவத்தின் தண்டனைக் கேள்வியிலோ நிலுவைக் கேள்வியிலோ இது வராது.

ஃபைல் தூங்குகிறது என்றால், ஒரு வக்கீலை வைத்து, பி ரிப்போர்ட்டின் மீது உத்தரவு போடும்படி கேட்க வைக்க வேண்டும். வெறும் எஃப்.ஐ.ஆரும், விசாரணையில் இருக்கும் வழக்கும் பாஸ்போர்ட் சட்டத்தின் பார்வையில் ‘நிலுவையில் உள்ள வழக்கு’ ஆகாது, கோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கொண்டால்தான் ஆகும் என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபர் 10-ஆம் தேதிக் குறிப்பாணையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் பி.சி.சி.யை நிறுத்தினால் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கோர்ட் எடுத்துக்கொண்டுவிட்டது என்றால், உடனே ஆஜராகி ஜாமீன் எடுத்து, ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்பதுதான் வழி. அந்த நிலையில் வெளிநாட்டுக்குப் போகக் கோர்ட்டின் அனுமதி தேவை. பள்ளியிடம் அவகாசம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

பள்ளி விஷயத்தில் 2019 எப்படி வரும்? அந்த நாட்டு வழிகாட்டுதலின்படி, பொய்யானது, அடிப்படையற்றது, நிரூபணமாகாதது என்று முடிவான புகார்களைப் பரிந்துரைக் கடிதத்தில் எழுதக்கூடாது. ஆனால் பரிந்துரை எழுதப்போவது பெங்களூரு பிரின்சிபால். அவருக்கு அந்த விதி தெரியாது. ‘ஒரு போலீஸ் கேஸ் வந்தது, மற்றபடி நல்ல டீச்சர்’ என்று நல்லெண்ணத்தோடு ஒரு வரி எழுதிவிட்டால், முடிவு தெரியாத புகாராக அது அங்கே போய் நிற்கும். அதனால் அந்தப் பள்ளி அப்போது உள்விசாரணை நடத்தியிருந்தால் அதன் முடிவை எழுத்தில் கேளுங்கள். கோர்ட் உத்தரவின் நகலைப் பிரின்சிபாலிடம் கொடுத்து, எழுதுவதானால் முடிவையும் சேர்த்து எழுதும்படி சொல்லுங்கள். ‘முடிவு எதுவானாலும், குழந்தைகள் தொடர்பான புகார் எப்போதாவது வந்ததா’ என்று பள்ளியின் படிவமே நேராகக் கேட்டால், ‘ஆம்’ என்று எழுதி உத்தரவை இணையுங்கள். கேட்காவிட்டால் வலியப்போய்ச் சொல்லக் கடமை இல்லை.

ரெக்கார்டை எடுக்க முடியுமா?

முடியாது. 60,000 அல்ல, ஆறு லட்சம் கொடுத்தாலும் கோர்ட் தீர்ப்பை ஸ்டேஷனில் அழிக்க முடியாது. 18 வயதுக்குக் கீழ் செய்த குற்றத்துக்குத்தான் சிறார் நீதிச் சட்டம் அந்த மாதிரிப் பாதுகாப்பு தருகிறது. வயதுவந்தவர்களின் தண்டனையைத் துடைத்துவிடும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அப்பீல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கில், தண்டனையின் அளவு, சட்டப்பூர்வத்தன்மை பற்றித்தான் அப்பீல் போக முடியும். அதற்கும் கெடு 30 நாள். சீராய்வுக்கு 90 நாள். பத்து வருடத்துக்கு மேலான தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, ராஜியைக் காட்டி ஹைகோர்ட் போகும் வழி புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செலவும் காலமும் நிச்சயம், பலன் நிச்சயமில்லை. அதோடு, சொல்லிவிட்டால் தாங்கக்கூடிய ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பெரிய மருந்து தேவையில்லை.

போகிறபோக்கில் ஒன்று: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். உங்கள் ஆள் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

பள்ளியிடம் சொல்வதா?

தண்டனை ‘பாதுகாக்கப்பட்டது’ என்று உறுதியானால், பள்ளிப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி.சி.சி.யோடு ஏதாவது குறிப்பு வந்தால் அதைப் பள்ளியும் பார்க்கும். அப்படி வெளியே வரும் என்று தெரிந்தால் முதலில் உங்கள் வாயிலிருந்து வருவதே மேல். எழுதும்போது இரண்டு பக்கம் எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குணத்தை வர்ணிக்காதீர்கள். ‘நான் செய்யவே இல்லை, வக்கீல்தான் ஒத்துக்கச் சொன்னார்’ என்றும் வேண்டாம். ஒப்புக்கொண்ட தீர்ப்பு முன்னால் இருக்கும்போது அது மறைப்பதைப் போலவே படும். இவ்வளவு போதும், ஆங்கிலத்தில் நேராக எழுதுங்கள்:

“2014 பிப்ரவரி இன்ன தேதி, பெங்களூரு இன்ன கோர்ட்டில், இன்ன சி.சி. எண் வழக்கில், இ.பி.கோ. 323, 504 பிரிவுகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 1,500 ரூபாய் அபராதம், அன்றே செலுத்தினேன். 2012-ல் பக்கத்து வீட்டாருடன் தண்ணீர் தொடர்பாக நடந்த தகராறு அது. குழந்தைகள் யாரும் சம்பந்தப்படவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வேறு தண்டனை இல்லை. உத்தரவு நகலும் ரசீதும் இணைப்பில்.”

விசா படிவத்தின் விவரப் பெட்டியிலும் இதையே எழுதலாம். தேதி, பிரிவு, தொகை மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் 2013, இன்னொரு இடத்தில் 2014 என்று வந்தால், மறதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி செய்ய வேண்டியவை, இதே வரிசையில்

இன்றே இ-கோர்ட்ஸ் தளத்தில் இரண்டு வழக்குகளையும் தேடுங்கள். பெயரின் எழுத்துக்கோர்வையை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். கன்னட எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழ்ப் பெயர்கள் சிதைந்திருக்கும், அப்பா பெயர் இனிஷியலாகப் போயிருக்கும். கிடைத்தால் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி எண்ணான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டேஷனில் குற்ற எண், வருடம் வாங்கி, கோர்ட் ஆபீஸில் சி.சி. எண் தேடச் சொல்லுங்கள்.

அடுத்து நகல் மனு. 2014 வழக்கில் உத்தரவு, சார்ஜ் ஷீட், வூண்ட் சர்ட்டிஃபிகேட். 2019 வழக்கில் எஃப்.ஐ.ஆர்., பி ரிப்போர்ட், அதன் மீதான உத்தரவு. சாதாரண ஜெராக்ஸ் போதாது, சான்றிட்ட நகல் வேண்டும். பழைய கிரிமினல் ஃபைல்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். 2014 ஃபைல் அழிக்கப்பட்டிருந்தால், அதையே எழுத்தில் சான்றாக வாங்குங்கள். ரசீதோடு அதுவும் ஒரு ஆவணம்தான்.

உத்தரவு கன்னடத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு டைப்பிங் சென்டரில் அடித்த, பெயரில்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவை கைக்கு வந்தபிறகு பி.சி.சி. கூடவே துபாய். கடந்த பத்து வருடத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டின் குற்றப் பதிவுச் சான்றிதழும் ஆசிரியர் வேலை விசாவுக்குத் தேவை. விட்டுவிட்டு இருந்தாலும் மொத்தமாகக் கூட்டுவார்கள். உங்கள் 14 மாதம் அதற்குள் வருகிறது, இதைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. வெளியே இருந்து விண்ணப்பிப்பவர் விரல்ரேகைத் தாள் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். பழைய எமிரேட்ஸ் ஐ.டி. நகலைத் தேடி எடுத்து வையுங்கள்.

பள்ளிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தியா, அமீரகம் இரண்டு நாட்டுச் சான்றிதழ்களும் வாங்க வேண்டியிருக்கிறது, பணி தொடங்கும் தேதியில் எவ்வளவு அவகாசம் உண்டு என்று. இது வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உத்தரவு நகலில் ‘கோர்ட் எழும்வரை’ என்ற வரி இருந்தாலோ, 2019 வழக்கில் கோர்ட் சம்மன் அனுப்பியது தெரிந்தாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை விசா படிவத்தின் ‘சமர்ப்பி’ பொத்தானைத் தொட வேண்டாம். கன்சல்டன்ட்டிடம் கொடுத்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.